சி.டி.யா, ஸ்ட்ரீமிங்கா? வீட்டில் செய்து பார்த்த ஒரு பரீட்சை

(பெங்களூரு கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் சங்கீத வித்வான் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, 34 வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ராமநவமி சமயத்தில் சாமராஜபேட்டை கோட்டைப் பள்ளி மைதானத்துப் பந்தலில் கச்சேரி கேட்டுக் கேட்டுப் பிடித்த பைத்தியம், 310 சி.டி.க்களாக அலமாரியில் சேர்ந்திருந்தது. போன வருஷம் சிறிய ஃப்ளாட்டுக்குக் குடிபோகும்போது பிள்ளை சொன்னான்: "அப்பா, இதெல்லாம் போன்லயே இருக்கு. அலமாரி எதுக்கு?"

"போன்ல வர்றது சங்கீதம் இல்லைடா, சக்கை!" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உறுத்தியது. படித்த படிப்புக்கு மரியாதையாகவாவது சோதித்துப் பார்க்க வேண்டாமா?

1982ல் வந்த சி.டி.யில் ஒலி விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இடது, வலது இரண்டும் சேர்ந்தால் விநாடிக்கு சுமார் 1,411 கிலோபிட். ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் வருவது 320 அல்லது அதற்கும் கீழே. பலத்த ஓசைக்குப் பக்கத்தில் ஒலிக்கும் மெல்லிய ஓசையைக் காது கவனிப்பதில்லை என்பதால் அதைக் கழித்துவிடுகிறார்கள். கழிக்காமலே அனுப்புவதும் உண்டு. ஆப்பிள் மியூசிக் 2021ல் அதைத் தனிக் கட்டணமின்றித் தொடங்கியது.

ஒரே கச்சேரிப் பதிவு. ஒரு பக்கம் சி.டி. பிளேயர், மறு பக்கம் போன். இரண்டையும் ஒயர் மூலம் ஒரே ஆம்ப்ளிஃபயரில் இணைத்தேன். சத்தத்தைச் சமமாக வைப்பது மிக முக்கியம். கொஞ்சம் உரக்கக் கேட்பதையே காது 'நன்றாக இருக்கிறது' என்று எண்ணிக்கொள்ளும். பேத்தி நாணயம் சுண்டி, விழுந்தபடி மாற்றி மாற்றிப் போட்டாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எது சி.டி. என்று சொல்ல வேண்டும்.

320ல் 12க்கு 7 சரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 6 வரும்! பேத்தி சிரித்த சிரிப்பை இங்கே விவரிக்க வேண்டாம்.

96 கிலோபிட்டுக்கு இறக்கியபோது 12க்கு 11 சரி. குருட்டாம்போக்கில் இப்படி அமைய 300ல் ஒரு வாய்ப்புதான். காட்டிக்கொடுத்தது பாட்டு அல்ல, கடமும் கைதட்டலும். ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துத்தான் சுருக்குகிறார்கள். திடீரென்று விழும் அடியில் நேரும் பிழை அந்தத் துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்பே ஒரு மங்கலாக ஒட்டிக்கொள்கிறது. கைதட்டலோ தண்ணீர் கொட்டுவதுபோல் ஆகிவிடுகிறது.

அப்படியானால் நான் 'சக்கை' என்றது எதை? யோசித்தால், சமையலறையில் மாட்டுப்பெண் வைத்திருக்கும் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரை! ப்ளூடூத்தில் அனுப்பும்போது சுருக்கியதையே மறுபடி சுருக்குகிறார்கள். போதாததற்கு அந்தச் சின்னப் பெட்டியில் மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்க இடமே இல்லை.

என் காதையும் சொல்ல வேண்டும். டாக்டர் சோதித்ததில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. 20,000 வரை கேட்கும் இளம் காதோடு ஒப்பிட்டால் நான் இழந்தது ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேல். பேத்தி 320ல் 12க்கு 9 சொன்னாள். அவளுக்குக் கேட்டிருக்கலாம், 12 தடவையை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

பிள்ளையிடம் தோல்வியை ஒப்புக்கொண்டேன். ஆனாலும் 62 சி.டி.க்களைக் கொடுக்கவில்லை. சில போனில் கிடைக்கவே இல்லை. ஒன்று ஜனவரியில் இருந்தது, மார்ச்சில் காணோம். இன்னும் சிலவற்றில் பாடியவர் பெயர் மட்டும் இருக்கிறது. வயலின் யார், மிருதங்கம் யார் என்பது சி.டி.யோடு வந்த அந்தச் சின்னப் புஸ்தகத்தில்தான் இருக்கிறது.

மீதி 248ம் வாசலில் இரண்டு அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. பிளேயர் வைத்திருப்பவர்கள் போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.