நிலம் இறங்கினால் வீட்டுக்கு என்ன விலை?

(பலாபத்வலயில் நடைபெற்ற தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நாம் கூடினாலே சம்பளப் பேச்சுத்தான். இன்று அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு சுவரைப் பற்றியும் தரையைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போனதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரே கதைதான். "இஸ்தோப்பு இறங்கியிருக்கு", "காம்பரா மூலையில கை போற அளவுக்கு வெடிப்பு", "வாசல்ல மண் உள்வாங்கிருச்சு". நாட்டில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன புயல் அது. மலை சரிந்தால் பத்திரிகையில் வருகிறது. தரை மெல்ல இறங்கினால் யாரும் எழுதுவதில்லை. அந்த வீட்டுக்குள் படுக்கிறவர்கள் நாம்தான்.

முதலில் தரை ஏன் இறங்குகிறது என்று பார்ப்போம். தேயிலைக்குப் போடுகிறோமே டொலமைட், அது நம் மாத்தளை, கண்டி மாவட்டங்களில் தோண்டி எடுக்கிற கல். சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. மழைத் தண்ணீர் லேசான புளிப்புள்ளது. அந்தத் தண்ணீர் ஆயிரக்கணக்கான வருஷமாக இந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து உள்ளே பொந்து உண்டாக்கும். மேலே உள்ள மண் ஒருநாள் தாங்காமல் உள்ளே விழும். யாழ்ப்பாணத்தில் நிலாவரைக் கிணறு அப்படி வந்த பள்ளம்தான். சமனலவெவ நீர்த்தேக்கத்தில் 1992 ஒக்டோபரில் வலது கரைக்குள்ளிருந்த சுண்ணாம்புக்கல் பொந்துகள் வழியாகத் தண்ணீர் பீறிட்டு வெளியே வந்தது. கோடிக்கணக்கில் செலவு செய்தும் கசிவை முழுதாக அடைக்க முடியவில்லை. பொறியியலாளர்மார் கட்டிய அணைக்கே அந்தக் கதி.

ஆனால் தோட்டத்தில் தரை இறங்குவதற்கு எல்லா இடத்திலும் சுண்ணாம்புக்கல் காரணமில்லை. மலைச்சரிவை வெட்டி மண் நிரப்பிக் கட்டிய லயம், வருஷக்கணக்காக வெட்டாமல் தூர்ந்துபோன கான், லயத்துக்குப் பின்னால் தேங்கி நிற்கிற தண்ணீர், மூடாமல் விட்ட பழைய கக்கூஸ் குழி, இவையே போதும். கான் வெட்ட ஆளில்லை என்று நிர்வாகம் சொல்லும். கொழுந்து எடுக்க மட்டும் ஆள் இருக்கும்.

இனி விலைக்கு வருகிறேன். இதற்கு நம் நாட்டில் பெரிய பாடம் பண்டாரவளை. உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் குடைந்தார்கள். 2014 டிசெம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. மண்ணுக்கு அடியில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் அது மண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் வடிந்தால் மண் அமுங்கும். ஹீல்ஓயா, மகுலெல்ல பக்கமெல்லாம் கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவர் வெடித்தது. சில இடங்களில் நிலமே தாழ்ந்தது. 2017 ஜூனில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பார்க்காமல் பண்டாரவளை நகரத்தில் ஜனங்கள் திரண்டு நின்றார்கள். அதற்குப் பிறகுதான் அமைச்சர்கள் குழு, மதிப்பீடு, இழப்பீடு என்ற பேச்செல்லாம் வேகம் பிடித்தது. திட்டத்தை 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி வந்து திறந்துவைத்துவிட்டுப் போனார். வெடித்த சுவருக்குக் கிடைத்த காசு போதாது என்ற முறைப்பாடு நிற்கவில்லை.

கிணறு வற்றி, சுவர் வெடித்த காணியை யார் முழு விலைக்கு வாங்குவார்? ஈடு வைக்கப் போனால் வங்கி அனுப்புகிற மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது வெடிப்பைத்தான். அப்படிப்பட்ட இடத்தில் பக்கத்து வீடு நன்றாக இருந்தாலும் அதன் விலையும் சேர்ந்து இறங்கும். ஆனாலும் பண்டாரவளையில் நட்டப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கையில் ஒரு உறுதி இருந்தது. அதைக் காட்டி "இது என் வீடு, இவ்வளவு பெறுமதி, இவ்வளவு நட்டம்" என்று கேட்க முடிந்தது.

நம் கையில் என்ன இருக்கிறது? தோட்டக் காணி அரசாங்கத்தினுடையது. 1992இலிருந்து கம்பெனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. லயம் தோட்டத்தின் சொத்துக் கணக்கில் நிற்கிறது. பாட்டன், அப்பன், நான் என்று மூன்று தலைமுறை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நம் காம்பராவுக்கு நம் பெயரில் விலை பூச்சியம். நாமே காசு போட்டுக் கட்டின குசினிக்கும் அதே பூச்சியம்தான். பசுமை பூமி என்று ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி கொடுத்தார்கள், இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடுகள் கட்டினார்கள், அதெல்லாம் நல்ல காரியம். இன்னும் லயத்தில் இருக்கிறவர்களுக்கு அது எட்டவில்லை.

காப்புறுதியும் அங்கேதான் போய் முட்டுகிறது. ஒரு கட்டிடத்தைக் காப்புறுதி செய்ய வேண்டுமானால் அந்தக் கட்டிடத்தில் உங்களுக்குச் சட்டப்படி ஒரு பாத்தியதை இருக்க வேண்டும். பாத்தியதை இருப்பவர்களுக்கும் சும்மா கிடைத்துவிடாது. வீட்டுக் காப்புறுதியில் பொதுவாக முதலிடம் தீக்குத்தான். வெள்ளம், புயலுக்கு மேலதிகமாகச் சேர்க்க வேண்டும். நிலம் தாழிறங்குவது, மண்சரிவு என்ற சொற்கள் பத்திரத்தில் இருக்கின்றனவா என்று தனியாகப் பார்த்துக் கேட்க வேண்டும். புது வீட்டுக்கு வங்கிக் கடன் எடுத்தவர்கள் இங்கே இருந்தால், கட்டுப்பணம் வெட்டுகிறார்கள் என்பதை மட்டும் பார்க்காமல் அது எதற்கு வெட்டுகிறார்கள் என்று பத்திரத்தை வாசித்துப் பாருங்கள். வாசிக்கச் சிரமமென்றால் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

பணக்கார நாட்டிலும் இதே சண்டைதான். அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிறது. நிலப்பள்ளக் காப்புறுதிக்கு அங்கே சட்டமே உண்டு. ஆனால் சாதாரண வீட்டுக் காப்புறுதி பணம் கொடுக்க நாலு காரியமும் ஒன்றாக நடந்திருக்க வேண்டும். நிலம் திடீரென்று இடிந்து விழுந்திருக்க வேண்டும். பள்ளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அத்திவாரம் உட்படக் கட்டிடம் பழுதாகியிருக்க வேண்டும். "இந்த வீட்டில் இருக்கக் கூடாது, வெளியேறு" என்று அரசாங்க உத்தரவும் வந்திருக்க வேண்டும். சுவர் வெடித்தது மட்டும் என்றால் மேலதிகக் கட்டணம் கட்டித் தனிக் காப்புறுதி வாங்கியிருக்க வேண்டும்.

நம் நாட்டில் 2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் மூலம் இயற்கை அனர்த்தக் காப்புறுதி தொடங்கினார்கள். ஜனங்கள் கட்டுப்பணம் கட்டத் தேவையில்லை, அரசாங்கமே கட்டியது. ஒரு வீட்டின் சேதத்துக்கு 25 இலட்சம் ரூபாய் வரை, ஒரு உயிருக்கு ஒரு இலட்சம் என்று வைத்தார்கள். அடுத்த மாதமே அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. திட்டம் நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கட்டிடத்துக்குப் பணம் என்று வரும்போது முதல் கேள்வி "கட்டிடம் யாருடையது?" என்பது. லயத்தில் இருக்கிறவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? பானை சட்டிக்கும் பாய்க்கும் மட்டும்தான் கணக்குக் கொடுக்க முடியும்.

மீரியபெத்தையை மறந்துவிடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29, காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம். லயங்கள் மண்ணுக்கடியில் போயின. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. "போகச் சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்று பிறகு சிலர் பேசினார்கள். எங்கே போவது? மாற்றுக் காணி கொடுத்தார்களா? வேறு லயம் காட்டினார்களா? தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு வருஷம் கிடந்த பிறகுதான் பூனாகலைப் பக்கம் 75 புது வீடுகள் வந்தன. உயிர் போன பிறகு கிடைத்த காணி, எச்சரிக்கை வந்த அன்றே கிடைத்திருக்க வேண்டிய காணி.

ஆகவே நம் மாவட்டத்துக்குச் சொல்கிறேன். மண்சரிவு அபாயமுள்ள பத்து மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. வெடிப்பு வந்தால் உடனே சீமெந்து பூசி வெள்ளையடிக்க நிர்வாகம் ஆள் அனுப்பும். அவசரப்பட்டு விடாதீர்கள். முதலில் போனில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து எடுங்கள். வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். குறுக்கே ஒரு துண்டுக் கடதாசியை இறுக்கி ஒட்டுங்கள். அது கிழிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். கதவு திடீரென்று மூட முடியாமல் போவது, மரமோ கம்பமோ சாய்வது, தெளிவான ஊற்று கலங்கி வருவது, புதிதாக ஓரிடத்தில் தண்ணீர் கிளம்புவது, இவற்றில் எதைக் கண்டாலும் இரவென்று பார்க்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பிறகு எழுத்து வேலை. துரையிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது காற்றில் போய்விடும். தோட்ட முகாமையாளருக்கு ஒரு கடிதம், கிராம உத்தியோகத்தருக்கு ஒரு பிரதி, பிரதேச செயலாளருக்கு ஒரு பிரதி. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவன அதிகாரிகள் வந்து பார்த்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். அந்த அறிக்கை இல்லாமல் மாற்றுக் காணி கேட்டால் "பார்ப்போம்" என்பார்கள். அறிக்கையில் "அபாயம்" என்று எழுதி வந்தால் "எந்தக் காணி, எந்தத் திகதி, யார் பெயரில் உறுதி" என்று சங்கம் மேசையில் கேட்கும். குடும்பத் தலைவன் பெயரில் மட்டும் எழுதாமல் மனைவி பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். கைதட்டுகிற தாய்மார்கள் கடிதத்திலும் கையெழுத்துப் போடுங்கள்.

ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு தாள் கமிட்டித் தலைவர்களிடம் கொடுத்திருக்கிறோம். காம்பரா இலக்கம், குடும்பத்தில் எத்தனை பேர், வெடிப்பு எங்கே, எப்போது கண்டது, லயத்துக்குப் பின்னால் கான் கடைசியாக எப்போது வெட்டினார்கள், இவ்வளவுதான் கேள்வி. வெடிப்பு இல்லாத காம்பராவும் "இல்லை" என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அடுத்த மழைக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது தேவை. அடுத்த சம்பளத் தினத்துக்கு முன் எல்லாத் தாளும் திரும்பி வரட்டும்.