எண்களைக் காணும் கலை

காஞ்சிக்கு அருகே கூரம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே கிடைத்த செப்பேடுகள் ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவர பல்லவனுடையவை. ஓர் ஊரை 25 பங்காக்கிக் கோயில் பணிக்கு 3, மண்டபத்துத் தண்ணீருக்கும் தீக்கும் 1, அங்கே பாரதம் படிப்பதற்கு 1, மறையவர்க்கு 20 என அவன் அளித்ததை அவை கூறுகின்றன. ஒரு தாளில் 25 கட்டங்கள் வரைந்து, பங்குக்கு ஒரு வண்ணம் தீட்டிப் பாருங்கள். படிக்கையில் நழுவிய ஏற்றத்தாழ்வு, பார்க்கையில் கண்ணில் நிலைத்துவிடும்.

எண்களை இவ்வாறு கண்ணுக்குப் புலனாக்குவதையே தம் வாழ்நாட்பணிகளுள் ஒன்றாகக் கொண்டவர் இராமநாதன் ஞானதேசிகன் என்னும் புள்ளியியல் அறிஞர். 1932-இல் பிறந்த அவர், 1957-இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் எஸ். என். ராயிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் புள்ளியியல் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் விளங்கினார். 2015-இல் மறைந்தார்.

அவர் பணியின் பயனை ஒரு கற்பனைக் கணக்கால் காண்போம். ஒரு தெருவில் ஐந்து தறிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சேலை நெய்ய 12 நாள் ஆகிறது. மற்றொரு தெருவில் நான்கு தறிகளில் 10 நாள். ஐந்தாவதில் 20 நாள். இரு தெருவுக்கும் சராசரி 12 தான். ஆனால் அந்த ஐந்தாவது நெசவாளர் நோயுற்றாரோ, நூல்தான் பழுதோ, யார் கேட்பது? சராசரி அவரை மறைத்துவிட்டது!

மறைந்தவரைக் காட்டும் வழியொன்றை ஞானதேசிகனும் மார்ட்டின் வில்க்கும் 1968-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினர். அளவுகளைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்த வேண்டும். நாம் கருதும் விதிப்படி அவ்விடங்களில் எவ்வெவ் அளவுகள் வர வேண்டுமோ, அவற்றை எதிரெதிரே நிறுத்தி, ஒவ்வோர் இணைக்கும் கட்டத்தாளில் ஒரு புள்ளி இட வேண்டும். புள்ளிகள் ஏறத்தாழ நேர்கோட்டில் அமைந்தால் நம் கருத்து பொருந்துகிறது. கோடு வளைந்தால் கருத்தையே திருத்த வேண்டும். ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால், அதனிடம் சென்று காரணம் கேட்க வேண்டும்.

ஒரே பொருளில் பல அளவுகளைச் சேர்த்து ஆராயும் முறைகளைப் பற்றி 1977-இல் அவர் வெளியிட்ட நூலும் படங்களுக்குச் சிறப்பிடம் தந்தது. கணிப்பொறி நொடியில் கூட்டிச் சொல்லும் இக்காலத்தில் இப்பழக்கம் இன்னும் வேண்டப்படுகிறது. விரைந்து வந்த விடை சரியான விடைதானா என்று பார்ப்பது மனிதன் கடன் அன்றோ?

காஞ்சிப் பட்டில் பூ மலருமுன் அதன் வடிவைக் கட்டத்தாளில் வரைந்து பார்ப்பது வழக்கம். அங்கே கண்ட பிழையைத் திருத்துவது எளிது. தறியில் ஏறியபின் அரிது. மாணவர்களே, உங்கள் கணக்குகளையும் முதலில் வரைந்து பாருங்கள். விலகி நிற்கும் புள்ளியை அழித்துவிடாதீர்கள். அதற்குப் பின்னே ஒரு மனிதர் இருக்கக்கூடும்.