காட்டுத் தீயும் அண்டை வீட்டார் உரிமையும்

 

அண்டை வீட்டாருக்குத் தீங்கிழைப்பது பெரும் பாவம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அண்டை வீடு எதுவரை? 2015ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் மூண்ட காட்டுத் தீ இக்கேள்வியை நம்முன் வைத்தது.

சுமத்திரா, கலிமந்தான் காடுகள் பலவற்றின் அடியில், மரங்களும் இலைகளும் பல்லாயிரம் ஆண்டுகளாக நீரில் ஊறிப் படிந்த கரிமண் இருக்கிறது. ஈரம் உள்ளவரை அது எளிதில் எரியாது. செம்பனைத் தோட்டங்களுக்காகவும் காகிதக்கூழ் மரத் தோட்டங்களுக்காகவும் கால்வாய் வெட்டி அந்நீரை வடித்தார்கள். குறைந்த செலவில் நிலத்தைத் திருத்தத் தீ வைத்தார்கள். அவ்வாண்டு எல் நினோவினால் மழையும் பொய்த்தது. மண்ணுக்குள் இறங்கிய தீ, மழை வரும்வரை அடங்கவில்லை. சுமார் 26 லட்சம் ஹெக்டேர் நிலம் எரிந்தது. 5 லட்சத்திற்கும் அதிகமானோர் சுவாச நோய்க்கு ஆளாயினர். நம் உறவினர் பலர் வாழும் மலேசியாவையும் சிங்கப்பூரையும் புகை சூழ்ந்தது, பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன.

தீங்கு அத்துடன் நிற்கவில்லை. கரிமண் எரிந்து வெளிப்படும் கரியமில வாயு உலகின் வெப்பத்தைக் கூட்டுகிறது. வெப்பம் கூடினால் நிலம் மேலும் காய்கிறது. காய்ந்த நிலம் அடுத்த தீயை எதிர்நோக்குகிறது. 2019ஆம் ஆண்டிலும் அத்தீவுகளில் பெருந்தீ மூண்டது.

இந்தோனேசிய உலமா சபை 2016ஆம் ஆண்டு ஒரு ஃபத்வா வழங்கியது. பிறருக்கும் சுற்றுச்சூழலுக்கும் கேடு விளைவிக்கும் வகையில் காட்டையும் நிலத்தையும் எரிப்பது ஹராம். அதற்குத் துணைபோவதும், கண்டும் காணாமல் விடுவதும், அதனால் ஆதாயம் அடைவதும் ஹராம் என்பது அதன் சாரம்.

இறுதியாகச் சொன்ன ஆதாயம் என்னும் சொல் நம்மையும் சிந்திக்க வைக்க வேண்டும். நம் ரேஷன் கடைகளிலும் விருந்துகளிலும் புழங்கும் பாமாயில், செம்பனையிலிருந்து கிடைப்பதே. இந்தியாவுக்கு அது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்துமே வருகிறது. எண்ணெய் ஹராம் என்று நாம் கூறவில்லை. ஏழைகளின் அடுப்பு அதனால்தான் எரிகிறது. ஆயினும், அதனை விரயம் செய்யும்போது எங்கோ ஒரு குழந்தையின் மூச்சையும் விரயம் செய்கிறோமோ என்று அஞ்ச வேண்டாமா?

நம் மஹல்லாவில் குப்பையையும் சருகையும் கொளுத்துவதை நிறுத்துவோம். வலீமா விருந்துகளில் விரயத்தைத் தவிர்ப்போம். நம் புகை எட்டும் இடமெல்லாம் நமக்கு அண்டை வீடே.