யார்டில் நின்ற கார்கள்



ஆடி மாதத்தில் புது வண்டி எடுக்க நம் மதுரையில் பலரும் தயங்குவார்கள். முன்பணம் கட்டியவர்கள்கூட, "டெலிவரிய ஆவணிக்குத் தள்ளி வைங்க தம்பி" என்பார்கள். ஷோரூம்காரர்களுக்கு இது பழகிய விஷயம். தள்ளுபடி போஸ்டரை ஒட்டிவிட்டு, விற்பனைப் பையன்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தி அந்த மாதத்தை ஓட்டிவிடுவார்கள். 2019ஆம் ஆண்டு ஆடியும் அப்படித்தான் வந்தது. ஆனால் ஆவணி பிறந்த பிறகும் வாசலில் ஆளைக் காணோம்.

வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் அந்த ஜூலை மாதக் கணக்கை வெளியிட்டது. 2018 ஜூலையில் நாடு முழுக்க ஏறக்குறைய 2 லட்சத்து 91 ஆயிரம் கார்கள் போயிருந்தன. 2019 ஜூலையில் 2 லட்சத்தைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. 31 சதவீத வீழ்ச்சி. ஏறத்தாழ 19 ஆண்டுகளில் அப்படி ஒரு சரிவு வந்ததில்லை. டூவீலர் 17 சதவீதம் குறைந்தது, லாரி பஸ் வகையறா கால்வாசி குறைந்தது. ஆகஸ்ட் மாதமும் கார் விஷயத்தில் அதே கதைதான்.

இந்தக் கணக்கில் வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. கம்பெனிகள் சொல்லும் விற்பனை என்பது நீங்களும் நானும் வாங்கியது அல்ல. தொழிற்சாலையிலிருந்து டீலருக்குக் கார் கிளம்பிய உடனே அது விற்றதாகப் பதிவாகிவிடும். அது மதுரைக்கு வந்து வெயிலிலும் மழையிலும் யார்டில் நிற்பது கம்பெனியின் புத்தகத்தில் வராது. டீலர்கள் சங்கமான ஃபாடா தனிக் கணக்கு வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் கைக்குப் போன கார்கள் அதே ஜூலையில் சுமார் 11 சதவீதம்தான் குறைந்தன என்றது அந்தக் கணக்கு. கம்பெனி 31 என்கிறது, கடை 11 என்கிறது. இடையில் இருக்கும் இருபது சதவீதம் எங்கிருந்து வந்தது? முந்தைய மாதங்களில் தேவைக்கு மேல் அனுப்பி டீலர் தலையில் கட்டிய கார்கள் யார்டில் நிறைந்து கிடந்தன. அதை விற்று முடிக்காமல் புதிதாக இறக்க முடியாது. அதனால்தான் அனுப்புவது அவ்வளவு குறைந்தது.

டீலர் கம்பெனியிடம் கடனுக்குக் கார் வாங்குவதில்லை. பணத்தை முதலில் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை வங்கியோ நிதி நிறுவனமோ குறுகிய காலக் கடனாகக் கொடுக்கும். கீழமாசி வீதி மொத்த வியாபாரிக்கு இந்த நிலைமை சட்டென்று புரியும். மூட்டை விற்றால் வட்டி போக லாபம், மூட்டை கிடந்தால் வட்டி மட்டும் மிச்சம். மூட்டையாவது சில ஆயிரம் ரூபாய். இங்கே ஒவ்வொரு கார் மீதும் பல லட்சம். மார்ஜினோ சில சதவீதம். மூன்று வாரத்துக்கு மேல் சரக்கு தேங்கக் கூடாது என்று ஃபாடா திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. கேட்கிறவர்கள் கேட்டால்தானே.

சரி, டீலர் முதலாளிதானே, தாங்குவார் என்று நினைப்போம். அவரும் சுமையைக் கீழே தள்ளத்தான் பார்ப்பார்.

கே.கே. நகர், மாட்டுத்தாவணி, மேலூர் ரோடு பக்கம் காலை ஒன்பது மணிக்குப் போனால் ஷோரூம் வேலைக்கு வருகிறவர்களைப் பார்க்கலாம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. ஒத்தக்கடை, மேலூர், கருப்பாயூரணி, சிலைமான் என்று சுற்று ஊர்களிலிருந்து பஸ்ஸிலும் பைக்கிலும் வருகிற பிள்ளைகள். டிப்ளமோவோ பி.காமோ படித்தவர்கள். பலர் வீட்டில் முதல் தலைமுறையாகச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் குறைவு. இன்சென்டிவ்தான் வீட்டை நடத்தும். மாதத்துக்கு இத்தனை கார் என்று டார்கெட். அதைத் தொட்டால் பணம், ஒன்று குறைந்தாலும் அந்தத் தொகை கிடையாது. மந்தம் வரும்போது இவர்களுடைய சம்பளத்தை யாரும் குறைக்க வேண்டியதே இல்லை. அது தானாகவே பாதியாகிவிடும். மூன்று மாதம் டார்கெட் தவறினால் டீம் லீடர் கூப்பிட்டு, "வேற எங்கயாவது பார்த்துக்கப்பா" என்பார்.

2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஃபாடா சொன்ன எண்ணிக்கை இது: அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் நாடு முழுக்க டீலர் கடைகளில் சுமார் 2 லட்சம் பேர் வேலை இழந்தார்கள். அதற்கும் முன்னால், அந்த ஏப்ரலோடு முடிந்த 18 மாதங்களில் 286 ஷோரூம்கள் மூடப்பட்டு 32,000 பேர் வெளியே போயிருந்தார்கள். முதலில் கழிக்கப்பட்டவர்கள் விற்பனைப் பிரிவினர். மெக்கானிக்குகளைக் கொஞ்சம் தாமதித்தே தொட்டார்கள், ஏனென்றால் சர்வீஸ்தான் அப்போது கடையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஏன் இந்த மந்தம்? 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தவறியது. மும்பையில் நடந்த சங்கதி, நமக்கென்ன என்று இருக்க முடியவில்லை. வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பணம் வருவது சுருங்கியது. டூவீலர் கடன், லாரிக் கடன், பழைய கார்க் கடன் எல்லாம் அந்த நிறுவனங்கள் வழியாகவே பெரும்பாலும் சிற்றூர்களுக்கு வருகின்றன. அதே மாதம் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி புதுக் காருக்கு மூன்று ஆண்டு, டூவீலருக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் இன்சூரன்ஸை முதலிலேயே மொத்தமாகக் கட்ட வேண்டும் என்றானது. ஆன் ரோடு விலை எகிறியது. லாரிகள் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று 2018 ஜூலையில் விதி மாறியிருந்ததால், இருக்கிற லாரியே போதும் என்று உரிமையாளர்கள் நினைத்தார்கள். இவற்றோடு, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புது மாசு விதி வரப்போகிறது, இப்போது வாங்கினால் வண்டி செல்லுமா செல்லாதா என்ற குழப்பம் வேறு.

2019 செப்டம்பர் 10ஆம் தேதி சென்னையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஒரு விளக்கம் சொன்னார். பி.எஸ். 6 மாற்றம் ஒரு காரணம் என்றார். கூடவே, இன்றைய இளைஞர்கள் மாதத் தவணையில் மாட்டிக்கொள்ளாமல் ஓலா, ஊபரில் போகவே விரும்புகிறார்கள் என்றும் சொன்னார். பெருநகரங்களில் அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஓலா வந்ததால் லாரி விற்பனை எப்படிக் குறையும்? மேலூர்ப் பக்கத்து விவசாயி அறுவடை முடிந்து வாங்கும் டூவீலர் ஏன் குறைந்தது? அவருக்குப் பெரியாறு கால்வாயில் தண்ணீர் வரவேண்டும், நெல் விலை போகவேண்டும், பிறகுதான் வண்டி. அமைச்சர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. இளைஞர்கள் தவணையை வெறுக்கவில்லை, தவணை கட்ட முடியும் என்ற நம்பிக்கையை இழந்திருந்தார்கள்.

மதுரை கார் வாங்கும் ஊர் மட்டுமல்ல, காருக்கான பாகங்களைச் செய்து அனுப்பும் ஊரும்கூட. மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டயர் ஆலை இருக்கிறது. கோச்சடையில் பெல்ட்டும் ஆயில் சீலும் செய்கிற ஆலை இருக்கிறது. 2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் எண்ணூர் ஆலைக்கு 16 நாளும் ஓசூர் ஆலைகளுக்கு 5 நாளும் உற்பத்தி இல்லை என்று அறிவித்தது. எங்கோ ஒரு பெரிய ஆலை இப்படி லீவு விட்டால் பாகம் செய்யும் ஊர்களில் முதலில் நிற்பது ஓவர்டைம். அடுத்து கான்ட்ராக்ட் ஆட்கள். அதற்கடுத்து ஆலை வாசல் டீக்கடை.

மந்தத்திலும் பிழைத்த ஒரு கூட்டம் உண்டு. புதுக் கார் வாங்காதவர் பழைய காரைத்தான் ஓட்டியாக வேண்டும். கிளட்ச் மாற்றணும், டிங்கரிங் பார்க்கணும், பெயின்ட் அடிக்கணும். தெருமுனைப் பட்டறைகளுக்கு வேலை கூடியது, செகண்ட் ஹேண்ட் புரோக்கர்களின் போன் ஓயவில்லை. ஷோரூமில் வேலை போன மெக்கானிக் சிலர் ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பானர் செட்டோடு சொந்தமாகப் பட்டறை போட்டுவிட்டார்கள். ஆனால் விற்பனைப் பையனுக்கு அப்படி ஒரு கைத்தொழில் கிடையாது. அவன் கற்றது பேச்சு. அதை வாங்க ஆள் வேண்டுமே.

பிறகு 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்த ஏப்ரலில் மாருதி கம்பெனி உள்நாட்டில் ஒரு காரைக்கூட விற்கவில்லை. பூஜ்யம். கடன் வாங்கி டாக்ஸி ஓட்டியவர்கள்தான் கடுமையாக அடிபட்டார்கள். ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தவணை நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை. செப்டம்பரில் டியூ கேட்டு ஆள் வந்தபோதுதான் பலருக்கு அது உறைத்தது. பாண்டி கோவிலில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை போட்டு எடுத்த வண்டியை இன்னொருவர் வந்து ஓட்டிக்கொண்டு போவதைப் பார்ப்பது லேசான காரியம் அல்ல.

டீலர் தொழில் மதுரைக்குப் புதிதல்ல. 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் இங்கே தொடங்கிய நிறுவனம் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்குப் பெரிய விநியோகஸ்தராக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரிவாயுவில் பஸ் ஓட்டுவதற்கான கருவியை அந்த நிறுவனமே செய்து விற்றது. விற்க வண்டி இல்லாத காலத்தில் அவர் வேறு வேலையைத் தேடிக்கொண்டார். இன்றைய டீலருக்கு அந்த வழி சுருங்கிவிட்டது. தரை ஓட்டின் நிறம் முதல் சோபாவின் அளவு வரை கம்பெனி சொல்லும். போட்ட முதலீடு அந்த ஒரு பிராண்டோடு பின்னிக் கிடக்கும். கம்பெனி கிளம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதன் 170 டீலர்களிடம் சுமார் 40,000 பேர் வேலை பார்த்தார்கள் என்றது ஃபாடா. டீலர்களைப் பாதுகாக்க ஒரு தனிச் சட்டம் வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை அப்போது உரக்கக் கேட்டது. சட்டம் வரவில்லை. அமெரிக்காவில் மாகாணத்துக்கு மாகாணம் அப்படிச் சட்டம் உண்டு. அங்கேயும் 2009இல் திவாலான கிறைஸ்லர் 789 டீலர்களை ஒரே மாதத்துக்குள் கழற்றிவிட்டது. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் அந்நாட்டு நாடாளுமன்றம் தலையிட்டு, விலக்கப்பட்ட டீலர்கள் நடுவரிடம் முறையிட வழி செய்தது. அந்த அளவுக்காவது கேட்க ஒரு வாசல் இருந்தது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2024 அக்டோபர் வாக்கில் டீலர்களிடம் தேங்கிய கார்கள் 80 நாள் விற்பனையைத் தாண்டின. மதிப்பு சுமார் 79,000 கோடி ரூபாய். நல்ல செய்திகூட இவர்களைக் கடிக்கும். 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறையப்போகிறது என்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 22ஆம் தேதி சிறிய காருக்கு வரி 28லிருந்து 18 சதவீதமானது. வாங்குகிறவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் நடுவில் இருந்த அந்த ஐந்து வாரம்? "விலை குறையட்டும், அப்புறம் வர்றோம்" என்று எல்லாரும் காத்திருந்தார்கள். யார்டில் நின்ற காருக்கு வட்டி காத்திருக்கவில்லை.

கடைசியாக, ஷோரூமிலும் சர்வீஸ் ஸ்டேஷனிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இரண்டு சங்கதி சொல்ல வேண்டும்.

தவணை பாக்கி இருந்தால் வசூல் ஏஜென்ட் காலை எட்டு மணிக்கு முன்போ இரவு ஏழு மணிக்குப் பின்போ போன் பண்ணக் கூடாது, மிரட்டக் கூடாது. இது ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட உத்தரவு. நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

இரண்டாவது, வேலை போவது பற்றி. உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அதில் மருத்துவமனை மட்டும் அல்ல, வேலை இழப்பு நிவாரணமும் இருக்கிறது. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர், 2018இல் வந்தது. சராசரிச் சம்பளத்தில் ஒரு பகுதி, அதிகபட்சம் 90 நாளுக்குக் கிடைக்கும். 2020இல் அந்தப் பகுதியைச் சம்பளத்தின் பாதியாக உயர்த்தினார்கள். இரண்டு ஆண்டு சந்தாவோடு இன்னும் சில நிபந்தனைகள் உண்டு, இன்றைக்கு நடப்பில் உள்ள விதியை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் தானாக வேலையை விட்டவருக்கு இது கிடையாது. ஆட்குறைப்பு என்று சொல்லாமல், "ஒரு ராஜினாமாக் கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா" என்று அங்கங்கே கேட்கிறார்கள். அவர்கள்தான் அனுப்புகிறார்கள் என்றால் அதை அவர்களே எழுத்தில் தரட்டும். நீங்கள் அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்காதீர்கள்.