கோதுமை நுழையாத சமையலறை

(நம் சங்கத்தின் சென்ற ஆண்டுக் கூடுகையில் மனையியல் துறை முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

செயலாளர் அம்மா போனில் கூப்பிட்டு, "மனையியல் படிச்சவங்க ஒருத்தர் பேசணும், பதினைந்து நிமிஷம்தான்" என்றார். என்ன தலைப்பு என்று கேட்டேன். "உங்க இஷ்டம், சமையல் மாதிரி ஏதாவது" என்றார். சமையல்தான் பேசப் போகிறேன். ஆனால் டி.வி.யில் வருகிற அலங்காரச் சமையல் இல்லை. எந்த மாவில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு குழந்தை வளர்வதும் வளராமல் நிற்பதும் இருக்கிறதே, அந்தச் சமையல்.

என் மகள் டில்லியில் இருக்கிறாள். அவள் பெண், என் பேத்தி, ஆறு வயதில் நாலு வயதுக் குழந்தை மாதிரி இருந்தாள். வயிறு உப்பல், அடிக்கடி பேதி, ரத்தசோகை. பூச்சி மருந்து கொடுத்தார்கள், இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள், ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை. கடைசியில் ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, பிறகு எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து, "சீலியாக்" என்றார். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே திரும்பிக் குடலைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சுகிற மெல்லிய விரல் போன்ற பகுதிகள் மழுங்கிப் போகின்றன. இன்றைய தேதியில் இதற்கு உணவுதான் மருந்து. ஆயுசு முழுக்க.

இதைக் கண்டுபிடித்த கதை ரசமானது. 1924-ல் நியூயார்க்கில் ஹாஸ் என்ற டாக்டர் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வாழைப்பழத்தையே பிரதானமாகக் கொடுத்துத் தேற்றினார். பழத்தில் ஏதோ மகிமை என்று நினைத்தார்கள். ஹாலந்தில் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு மட்டும் கோதுமையின் மேல் சந்தேகம். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் ரொட்டியே கிடைக்காத பஞ்சம். ஊரே வாடியபோது இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் டிக்கே தன் ஆய்வேட்டைக் கொடுத்தபோதுதான் விஷயம் உறுதியாயிற்று.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். சந்தேகம் வந்தவுடன் நீங்களாகக் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் ரத்தப் பரிசோதனை ஒன்றுமில்லை என்று காட்டிவிடும். முதலில் டாக்டர், பரிசோதனை, அப்புறம்தான் பத்தியம்.

இந்த வியாதி கோதுமை அதிகம் சாப்பிடும் வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு. நம் பக்கம் மிகக் குறைவு. குறைவு என்பதாலேயே இங்கே யாருக்கும் புரிவதில்லை. கல்யாண வீட்டில் என் பேத்தி இலையில் கேசரி வேண்டாம் என்றேன். ஒரு மாமி, "குழந்தை ஆசையா பார்க்கறது, ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?" என்று ஊட்டவே வந்துவிட்டார். பாசம்தான், ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் கணக்கு இருக்கிறதே! ஒரு பிரெட் துண்டில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன். தினம் 50 மில்லிகிராம் போனாலே குடல் கெடும் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு. சட்டினி கிண்ணத்தில் விழுந்த சப்பாத்தித் துணுக்குக் கூடக் கணக்கில் வரும்.

"உனக்கென்னடி, நம்ம வீட்டில் அரிசிதானே? இட்லி, தோசை, இடியாப்பம் என்று போட்டுவிடேன்" என்பாள் என் ரூம்மேட். முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசி எங்கே ஒளிந்திருக்கிறது தெரியுமா? பெருங்காயத்தில்! கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயம் என்பது பெருங்காயப் பிசினோடு கோந்தும் மாவும் சேர்த்தது. அந்த மாவு பல கம்பெனிகளில் மைதா அல்லது கோதுமை மாவு. சாம்பார், ரசம், ஊறுகாய், இட்லிப்பொடி, அப்பளம், எல்லாவற்றிலும் அது இருக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து, அரிசி மாவு சேர்த்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் பெருங்காயம் இல்லாமலே ரசம் வையுங்கள், நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்தது மாவு மில். நாம் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோகிற அரிசிக்கு முன்னால் யாரோ ஒருவர் கோதுமை அரைத்திருப்பார். மிஷினுக்குள் தங்கிய மாவு நம் மாவோடு வந்துவிடும். நம் நாட்டுச் சட்டப்படி, குளூட்டன் இல்லாதது என்று அச்சடிக்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். மில் மாவுக்கு யார் உத்தரவாதம்? என் மகள் வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறாள். சல்லடையும் தனி. சல்லடைக் கண்ணிலும் சப்பாத்திக் கட்டையின் மர இடுக்கிலும் மாவு ஒட்டிக்கொண்டிருக்கும், கழுவினாலும் போகாது.

ராகி சேமியாவை நம்பி வாங்காதீர்கள். பலவற்றில் கோதுமையோ மைதாவோ கலந்திருக்கிறது. மால்ட் போட்ட சத்து பானங்கள் பார்லியில் செய்தவை. ஓட்டல் தோசை அரிசி உளுந்துதான், ஆனால் அதே கல்லில் பரோட்டா போட்டிருப்பார்கள். பஜ்ஜி கடலை மாவுதான், ஆனால் அந்த எண்ணெயில் சமோசா பொரிந்திருக்கும்.

சரி, விலக்குவதைப் பற்றிப் பேசியது போதும். சேர்ப்பதற்கு வருகிறேன். எனக்கு இதுதான் பிடித்த பகுதி.

குளூட்டன் மாவில் என்ன வேலை செய்கிறது? நம் உணவு வேதியியல் பிராக்டிகலில் மைதாவைப் பிசைந்து, குழாயடியில் பிடித்து, ஸ்டார்ச்சையெல்லாம் கழுவி விட்டதும் சூயிங்கம் மாதிரி ஒன்று கையில் மிஞ்சியது ஞாபகம் இருக்கிறதா? அதேதான். அது மாவை இழுக்க வைக்கிறது, ஈஸ்ட்டும் பேக்கிங் பவுடரும் உண்டாக்கும் காற்றைப் பலூன் மாதிரி பிடித்து வைக்கிறது. அரிசி மாவில் அது இல்லை. அதனால்தான் வெறும் அரிசி மாவில் கேக் போட்டால் உதிர்கிறது, ரொட்டி போட்டால் செங்கல்லாகிறது.

மேல்நாட்டுப் புத்தகங்களில் இதற்கு சாந்தன் கம் என்று ஒரு பொடி போடச் சொல்கிறார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் பசை இல்லாத மாவை இணக்குகிற வித்தையைக் கோதுமை ரொட்டியே அறியாத நம் பாட்டிமார்கள் எப்போதோ செய்துவிட்டார்கள்! கொழுக்கட்டைக்கு ஏன் கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டிக் கிளறுகிறோம்? சூடு பட்டதும் அரிசியின் ஸ்டார்ச் பாதி வெந்து பசையாகிறது, சொப்பு விரியாமல் நிற்கிறது. பச்சைத் தண்ணீரில் பிசைந்து பாருங்கள், பிளந்துகொள்ளும். சோள ரொட்டி, கேழ்வரகு ரொட்டிக்கும் இதே வெந்நீர்தான். இட்லியில் உளுந்தின் கொழகொழப்பு காற்றைப் பிடித்து வைக்கிறது. அந்த வேலையைத்தான் பிரெட்டில் குளூட்டன் செய்கிறது.

பேத்தியின் எட்டாவது பிறந்த நாள் கேக் சொல்கிறேன், எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். நைஸான அரிசி மாவு 100 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் அல்லது கார்ன்ஃப்ளார் 50 கிராம். வெண்ணெய் 100, பொடித்த சர்க்கரை 150, முட்டை நாலு. வெண்ணெயும் சர்க்கரையும் நுரைக்க அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மாவைக் கலந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். இந்த அரை மணி முக்கியம். அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். அவசரப்பட்டால் பல்லில் மணல் மாதிரி நறநறவென்று படும். அதற்குப் பிறகு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், வெனிலா சேர்த்து, 170 டிகிரியில் முப்பத்தைந்து நிமிஷம். முட்டையே இணைக்கிற வேலையைப் பார்த்துக்கொள்வதால் கம் எதுவும் வேண்டாம். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்துக்குள் ஸ்டாண்டு வைத்தும் செய்யலாம்.

கார்ன்ஃப்ளார் என்றதும் சிலர் சோள மாவு வாங்கி வந்துவிடுகிறார்கள். கார்ன்ஃப்ளார் மக்காச்சோளத்தின் வெறும் ஸ்டார்ச், வெள்ளையாக வழுவழுவென்று இருக்கும். சோள மாவு வேறு. இரண்டும் பத்தியத்துக்கு ஆகும், ஆனால் ஒன்றுக்கு ஒன்று பதிலாகாது.

பிரெட்தான் கஷ்டம். அதற்கு மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிறார்களே இசப்கோல் உமி, அது போதும். சிரிக்காதீர்கள்! 20 கிராம் இசப்கோலை 330 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் ஜெல்லி மாதிரி ஆகும். அரிசி மாவு 150, சோள மாவு 50, மரவள்ளி ஸ்டார்ச் 100, ஈஸ்ட் 7 கிராம், கொஞ்சம் சர்க்கரை, உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு மாதிரியே கைக்கு வருகிறது. டின்னில் வைத்து, பொங்கியதும் 200 டிகிரியில் ஒரு மணி நேரம். முழுக்க ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும், சூட்டில் வெட்டினால் நடுவில் பிசுபிசுக்கும். என் மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் சூட்டிலேயே வெட்டுகிறார்.

டில்லிக்காரர்களுக்கு இன்னொரு வசதி. நவராத்திரி விரதத்தில் அங்கே தானியம் சாப்பிட மாட்டார்கள். அதற்கென்றே குட்டு மாவு, சிங்காடா மாவு, ஜவ்வரிசி எல்லாம் கடைகளில் குவியும். குட்டுவுக்கு ஆங்கிலத்தில் பக்வீட் என்று பெயர். பெயரில்தான் வீட், கோதுமைக்கும் அதற்கும் உறவே கிடையாது. என்ன, அதையும் எந்த மிஷினில் அரைத்தார்கள் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இப்போது மெலிவதற்காகக் குளூட்டனை விடுகிறேன் என்று ஒரு நாகரிகம் கிளம்பியிருக்கிறது. வியாதி இல்லாதவர்கள் அப்படி விட்டு என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை. விலை கொடுத்து வாங்குகிற பிஸ்கட்டுகளைப் பாருங்கள், ஸ்டார்ச்சும் சர்க்கரையும்தான் பெரும்பகுதி. அதனால் பத்தியக் குழந்தைகளுக்கும் அது தினசரி ஆகாரமாக வேண்டாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. கம்பு, தினை, பயறு எல்லாம் இருக்கின்றன. வெறும் வெள்ளை மாவிலேயே குழந்தையை வளர்க்கக் கூடாது.

பேத்திக்கு இப்போது பதினோரு வயது. உயரம் வகுப்பில் நடுவில் இருக்கிறாள். பள்ளியில் யாராவது பிறந்த நாள் கேக் கொடுத்தால், வாங்கி டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு வந்து தம்பிக்குக் கொடுப்பாளாம். முதல் வருஷம் பாத்ரூமில் போய் அழுதிருக்கிறாள் என்று மகள் பின்னால்தான் சொன்னாள். இப்போதெல்லாம் முந்தின நாளே, "நாளைக்கு ரோஹனுக்குப் பர்த்டே, எனக்கு ஒரு கப்கேக் போட்டுக் கொடு" என்று உத்தரவு வந்துவிடுகிறது. ஃப்ரீஸரில் எப்போதும் ஆறு கப்கேக் தயாராக இருக்கும்.

மணி அடித்துவிட்டார்கள். டீக்கு நான் அந்தக் கேக் கொண்டு வந்திருக்கிறேன், ஜன்னலோர மேஜையில் நீலத் தட்டில் இருக்கிறது. நம் தங்கைகளில் ஒருவர் தன் பையனுக்கும் இதே பத்தியம் என்று காலையில் என்னிடம் சொன்னார், பையனும் வந்திருக்கிறான். ஆகவே முதல் துண்டு அவனுக்கு. பக்கத்துத் தட்டில் சமோசா இருக்கிறது. சமோசா எடுத்த இடுக்கியால் தயவு செய்து கேக்கைத் தொடாதீர்கள், தனிக் கரண்டி வைத்திருக்கிறேன்.