கதவைத் தட்டுபவருக்குச் சரியான பதில்

உங்கள் போனில் மெயிலைத் திறக்கும்போதெல்லாம் போனுக்கும் எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்கும் இடையே ஒரு சின்னப் பேச்சு நடக்கிறது. "நான் இன்னார், இதோ பாஸ்வேர்டு" என்கிறது போன். "சரி, வரலாம்" அல்லது "முடியாது" என்கிறது சர்வர். மெயிலை எடுத்துக் கொடுப்பதற்கென்றே இருக்கும் இந்த சர்வர்கள் பெரும்பாலும் இரண்டு நெறிமுறைகளில் பேசுகின்றன. ஒன்று பாப், அது 1984இல் வந்தது. மற்றது ஐமேப், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1986இல் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது. பாப், மெயிலை உங்கள் கருவிக்கு இறக்கித் தரும். ஐமேப், சர்வரிலேயே வைத்துக்கொண்டு எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி காட்டும். இன்றைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இப்படிப்பட்ட சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: "சார், உள்ளே போக முடியலை."

பெயர் எழுதும் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். அதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்புவது நியாயமா? உலகெங்கும் பயன்படும் டவ்காட் என்ற சர்வர் மென்பொருள், யார் எப்படித் தட்டினாலும் பெயரைச் சின்ன எழுத்துக்கு மாற்றித்தான் பார்க்கும். பின்லாந்துக்காரரான டிமோ சிராய்னன் எழுதி 2002இல் வெளியிட்ட மென்பொருள் அது. முழு முகவரி எழுதாமல் பெயரை மட்டும் எழுதினால், மீதியைத் தானே சேர்த்துக்கொள்ளும்படியும் அதை அமைக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாரக்கணக்கில் மெயில் பார்க்காமலே இருந்தார். முகவரியின் பின்பாதியை எழுத வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அமைப்பை நிர்வகித்தவர் ஒரு வரி சேர்த்திருந்தால் அவருக்கு அந்த அலைச்சலே இருந்திருக்காது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சர்வர் "முடியாது" என்று சொல்லும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டு தவறா? அதன் காலம் முடிந்துவிட்டதா? அல்லது சர்வருக்குள்ளேயே ஏதோ பழுதா? ஐமேப்புக்கு இந்தப் பதில்களைத் தனித்தனிக் குறியீடுகளாக 2009இலேயே வகுத்துவிட்டார்கள். பாப்புக்கு, பாஸ்வேர்டுச் சிக்கலையும் சர்வர் பழுதையும் பிரித்துச் சொல்லும் குறியீடுகள் அதற்கும் முன்பே, 2002இல் வந்துவிட்டன. இது ஏன் முக்கியம் என்று கேட்கிறீர்களா? சர்வரின் தரவுத்தளம் நின்றுபோன நேரத்தில் "பாஸ்வேர்டு தவறு" என்று பதில் வந்தால் என்ன ஆகும்? நூற்றுக்கணக்கானோர் சரியான பாஸ்வேர்டையே சந்தேகப்பட்டு, மாற்றப் போய், உண்மையிலேயே குழம்பிவிடுவார்கள். "இப்போது இயலவில்லை, பிறகு முயலுங்கள்" என்று வந்தால் அவர்கள் பாட்டுக்கு வேறு வேலை பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் சர்வர் சொல்லக் கூடாது, நேயர்களே. தவறு பெயரிலா பாஸ்வேர்டிலா என்று பிரித்துச் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால், எந்தெந்தப் பெயரில் கணக்கு இருக்கிறது என்று திருடர்கள் பட்டியலே போட்டுவிடுவார்கள்.

ஒரு கல்லூரி விடுதியில் ஒருநாள் மாலை யாருக்கும் மெயில் வரவில்லை. தேடிப் பார்த்தால் காரணம் ஒரு மாணவரின் ஒரே ஒரு போன். அந்த மாணவர் கணினியில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தார். போனில் பழையதே இருந்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது பழைய பாஸ்வேர்டோடு சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்க, யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறார்கள் என்று எண்ணிய காவல் மென்பொருள், அந்த போன் வந்த இணைய (ஐபி) முகவரியிலிருந்து வரும் அனைத்தையும் தடுத்துவிட்டது. விடுதி முழுவதும் இணையத்துக்குப் போவது அந்த ஒரே முகவரி வழியாகத்தான்! ஒரே தவறான பாஸ்வேர்டு திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் மறந்துபோன ஒரு கருவி. விதவிதமான பாஸ்வேர்டுகள் வந்தால்தான் திருட்டு முயற்சி. டவ்காட் இந்த வித்தியாசத்தைப் பார்க்கும். அண்மையில் வந்த அதே பாஸ்வேர்டு மறுபடி வந்தால் தவறான முயற்சிகளுக்குத் தண்டனையாகப் பதிலைத் தாமதப்படுத்தும் நேரத்தைக் கூட்டாது. இதை எழுதியவர் மனிதர்களை நன்கு அறிந்தவர் என்று அன்றைக்கு நினைத்தேன்.

தமிழில் பாஸ்வேர்டு வைக்க ஆசையா? "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சரிபார்க்கும் கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவதற்கு விதிமுறை இருக்கிறது. சர்வர் அமைப்பவர்கள் அதைக் கடைப்பிடித்தால்தான் வீட்டுக் கணினியில் வைத்த தமிழ் பாஸ்வேர்டு அலுவலகக் கணினியிலும் செல்லும்.

நேரம் நெருங்குகிறது, மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் 2022இலிருந்து வெறும் பாஸ்வேர்டு நுழைவைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டன. அவர்களுடைய பக்கத்திலேயே நுழைந்து, மெயில் செயலிக்கு அனுமதி தர வேண்டும். பழைய செயலி வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் 16 எழுத்தில் தனிப் பாஸ்வேர்டு தருகிறது. போன் தொலைந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம். சர்வர் பெயர், எண் இவற்றையெல்லாம் செயலி தானே கண்டுபிடிக்க 2011இலிருந்து ஒரு பொது வழி இருக்கிறது. அதை அமைத்துவைக்காத நிறுவனங்கள் இன்னும் ஏராளம்.

அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களே, இன்று மாலை உங்கள் சர்வரில் தவறான பாஸ்வேர்டு ஒன்றைக் கொடுத்து, என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். அது புரியாவிட்டால் திருத்துங்கள். மற்ற நேயர்களே, பாஸ்வேர்டை மாற்றினால் போன், டேப்லெட், பழைய லேப்டாப் எல்லாவற்றிலும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.