பச்சிளங் குழந்தைக்கும் வலி உண்டு



பிறந்து இரண்டே நாளான குழந்தையின் குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கிறார்கள். குழந்தை வீரிட்டு அழுகிறது. அருகிலுள்ள அம்மிச்சி, "பச்சை மண்ணுக்கு என்ன தெரியும்? இப்பவே மறந்துபோகும்" என்று தாயைத் தேற்றுகிறாள். நம் கொங்கு நாட்டில் பலரும் கேட்டிருக்கும் பேச்சுத்தான் இது. வியப்பு என்னவெனில், பெரிய வைத்திய நிபுணர்களும் நெடுங்காலம் ஏறக்குறைய இதையே நம்பிவந்தார்கள்.

அவர்கள் காட்டிய காரணங்கள் இரண்டு. சிசுவின் நரம்புகளுக்கு மேலுறை முற்றிலும் உருவாகாததால் வலி மூளையை எட்டாது என்பது ஒன்று. மயக்க மருந்தைச் சிறிய உடல் தாங்காது என்பது மற்றொன்று. இரண்டாவது அச்சத்தில் ஓரளவு நியாயம் இருந்தது. முதலாவதில் இல்லை. வளர்ந்தவர்களிடத்தும் வலியைச் சுமந்து செல்லும் நரம்பிழைகள் மேலுறை அற்றவையோ, மிக மெல்லிய உறை உடையவையோதாம்.

இந்த எண்ணத்தை அசைத்தவர்களுள் முதன்மையானவர், இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி நடத்திய டாக்டர் ஆனந்த். குறைமாதக் குழந்தைகளுக்கு இருதயத்தை அடுத்த ஓர் இரத்தக் குழாயைக் கட்டும் சிகிச்சையில், ஒரு சாராருக்கு வழக்கமான இலேசான மயக்கம் மட்டும் தரப்பட்டது. மறு சாராருக்கு வலி நீக்கும் பென்டனில் மருந்தும் சேர்க்கப்பட்டது. 1987-இல் முடிவு வெளியாயிற்று. அம்மருந்து பெறாத குழந்தைகளின் உடலில் அதிர்ச்சிச் சுரப்புகள் மிகுந்தன. பின்தொல்லைகளும் அவர்களுக்கே அதிகம்.

நம் ஊருக்கு வருவோம். கோவை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள், சிசுப் பராமரிப்புப் பிரிவுகளுக்கே காமிராவுடன் சென்று குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைச் சோதிக்கிறார்கள். 34 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் 30 நாட்களுக்குள் இச்சோதனை வேண்டும். தவறினால் பார்வையே போகக்கூடும். ஆயினும் இமைகளைக் கருவியால் விரித்துப் பார்ப்பது குழந்தைக்கு வேதனை தருவது. வலிக்கு அஞ்சிச் சோதனையைத் தள்ளுவதும் தவறு. சோதனை அவசியம் என்பதற்காக வலியைப் பாராதிருப்பதும் தவறு. உணர்வகற்றும் சொட்டு மருந்தும், இரண்டு நிமிடம் முன்பாக நாவில் விடும் சில துளிச் சர்க்கரைக் கரைசலும் வேதனையைக் குறைக்கின்றன.

சர்க்கரை என்றதும், "நாங்கள் சேனை வைத்தது சரிதானே?" என்று பாட்டிமார் கேட்கலாம். இல்லை, தாயே! மருத்துவமனையில் தருவது 24 சதவீதத்தில் தூய்மையாகத் தயாரித்த கரைசல். அளவறிந்து, ஊசி போடும் அந்த வேளைக்கு மட்டும் தருவது. வீட்டில் விரலால் தொட்டு வைக்கும் சர்க்கரை நீரும் தேனும் குழந்தைக்கு நோயைக் கொணரலாம். வீட்டாரின் கையில் இதனினும் சிறந்த மருந்து உள்ளது: தாய்ப்பால். மார்பில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தடுப்பூசி போட்டால் அழுகை வெகுவாகக் குறையும். தாயின் வெறும் மேனியோடு அணைத்திருப்பதும் அவ்வாறே உதவும்.

ஆனால் கத்தி படும் சிகிச்சைக்கு இவை மட்டும் போதா. சுன்னத்து, மிகை விரலை அகற்றுதல், சீழ்க்கட்டியைக் கீறுதல் ஆகியவற்றுக்கு, லிடோகெயின் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தை எடைக்கேற்ற அளவில் மருத்துவர் செலுத்த வேண்டும். மேற்பூச்சுக் களிம்பாயின், அது வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். சுன்னத்தின்போது வலி நீக்கம் பெறாத குழந்தைகள், சில மாதங்களுக்குப் பின் தடுப்பூசியின்போது மற்றவர்களைவிட அதிகமாகத் துடித்ததை 1997-இல் வெளிவந்த கனடா நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. மறந்துவிடும் என்ற பேச்சுக்கு இதுவே விடை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். குறைமாதப் பிள்ளைக்கோ அழவும் வலு இராது. சுருங்கிய புருவமும், இறுக மூடிய கண்ணும், விரைந்தோடும் நாடியுமே அதன் மொழி. ஆகவே, உங்கள் வீட்டுக் குழந்தைக்குச் சிறு சிகிச்சை என்றாலும், "வலிக்கு என்ன செய்யப்போகிறீர்கள், டாக்டர்?" என்று பணிவோடு கேளுங்கள். தனக்காகப் பேச இயலாத உயிருக்காக நாம்தாம் பேசவேண்டும்.